பதிவு செய்த எண்

நவம்பர் 4, திங்கள்

காலை ஒன்பதே காலுக்கு வாஷிங் மெஷின் நின்றுவிட்டது. உள்ளே தண்ணீரோடு இரண்டு படுக்கை விரிப்பு, மூன்று நைட்டி, ஒரு துண்டு. கதவு பூட்டிக்கொண்டு திறக்கவில்லை. கண்ணாடி வழியாகத் துணி மிதப்பது தெரிகிறது, எடுக்க முடியாது. முகப்பில் ஓர் எழுத்தும் இரண்டு எண்களும் மின்னுகின்றன. அதற்கு என்ன அர்த்தம் என்று மெஷினோடு வந்த புத்தகத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். 'சேவை மையத்தைத் தொடர்பு கொள்ளவும்' என்று போட்டிருக்கிறது. இதைச் சொல்ல ஒரு புத்தகம்.

முப்பத்து நான்கு வருஷம் மின்வாரியத்தில் இருந்தவன் நான். கடைசி ஒன்பது வருஷம் ஃபோர்மேன். புயலுக்கு மறுநாள் கடலூர் முழுக்க இருட்டில் கிடந்தபோது கம்பத்தின் மேல் இருந்தவன். இந்த வீட்டில் மின்சாரத்தில் ஓடும் எதுவும் என் கை படாமல் கடைக்குப் போனதில்லை. முன்பு இருந்த மெஷின் பதினாறு வருஷம் ஓடியது. ஒரு மோட்டார், ஒரு பெல்ட், திருகுவதற்கு இரண்டு குமிழ். பெல்ட் தேய்ந்தால் வேறு வாங்கி மாட்டுவேன், முடிந்தது வேலை. இது வந்து பதினான்கு மாதம். வாரண்டி முடிந்து இரண்டு மாதம். கணக்காகத்தான் செய்கிறான்.

வீட்டுக்காரி அரசிக்குக் கேழ்வரகுக் கஞ்சி. அரை டம்ளர் இறங்கியது. ஆகஸ்ட் பதினான்காம் தேதி விழுந்தவள், பக்கவாதம், வலது கையும் காலும் இன்னும் அசையவில்லை. பேச்சு வரவில்லை. இன்று 'சு… சு…' என்றாள். சுடுதண்ணீர் கேட்கிறாள் என்று கொண்டுபோனேன். வாயைத் திருப்பிக்கொண்டாள். சூடு அதிகமோ என்று ஆற்றிக் கொடுத்தேன். அதுவும் வேண்டாமாம்.

நவம்பர் 5, செவ்வாய்

கம்பெனி நம்பருக்குப் போன் செய்தேன். தமிழுக்கு மூன்றை அழுத்தச் சொன்னது. அழுத்தினேன். இந்தியில் பாட்டு போட்டது. இருபது நிமிஷம் கழித்து ஒரு பெண் வந்தாள்.

"சார், பதிவு செய்த மொபைல் நம்பர் சொல்லுங்க."

என் நம்பரைச் சொன்னேன்.

"இந்த நம்பர்ல எந்தப் பொருளும் இல்லையே சார். வீட்ல வேற யாராவது நம்பர்?"

அரசியின் போன் பீரோவில் இருந்தது. எடுத்துச் சார்ஜ் போட்டு உயிர்ப்பித்து அந்த நம்பரையும் சொன்னேன். அதிலும் இல்லை.

"வாங்கும்போது யாரோட நம்பர் குடுத்தீங்க சார்? அந்த நம்பருக்கு ஒரு ஓடிபி வரும். அதச் சொன்னாதான் கம்ப்ளெயின்ட் எடுக்க முடியும்."

"மெஷின் என் வீட்ல இருக்கும்மா. என் கண்ணு முன்னாடி நிக்குது. அதோட முதுகுல ஒட்டியிருக்கற நம்பர வேணா படிக்கறேன்."

"அது செல்லாது சார். வாங்கினவங்க யாருன்னு தெரியுமா சார்?"

தெரியாது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அரசியின் போனில் ஏதேதோ செய்திகள் வரிசையாக வந்து விழுந்தன. எல்லாம் விளம்பரமாக இருக்கும். அணைத்துப் பழையபடி பீரோவில் வைத்தேன்.

நவம்பர் 6, புதன்

பின்பக்கத் தகட்டைக் கழற்றப் பார்த்தேன். என்னிடம் இருக்கும் எந்த ஸ்க்ரூ டிரைவரும் சேரவில்லை. நட்சத்திரம் மாதிரி ஒரு தலை, அதற்கு நடுவில் ஒரு முளை. சாதாரண ஸ்க்ரூ போட்டால் என்ன குறைந்துவிடும்? நான் திறந்துவிடுவேன் என்பது ஒன்றுதான் குறை.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கடை வைத்திருக்கும் ஷாஜகானைக் கூப்பிட்டேன். நான் வேலையில் இருந்த காலத்திலிருந்து பழக்கம், மிக்ஸி முதல் மோட்டார் வரை பார்ப்பான். கீழே இருக்கும் சின்ன மூடியைத் திறந்து தண்ணீரை வடித்து, எங்கோ விரலை விட்டு ஒரு கொக்கியை இழுத்துக் கதவைத் திறந்துவிட்டான். மூன்று நாள் ஊறிய துணி. வாடை கூடம் வரைக்கும் போய்விட்டது. அரசி முகத்தைச் சுளித்தாள்.

பிறகு அவனிடம் இருந்த சாவியால் முதுகைக் கழற்றி போர்டை எடுத்துக் காட்டினான். உள்ளங்கை இரண்டு சேர்ந்த அளவு. மேலே முழுக்கக் கண்ணாடி மாதிரி ஒரு பிசினை ஊற்றி மூடியிருக்கிறார்கள்.

"கலியண்ணே, இதுக்குள்ள போன பார்ட்டு அம்பது ரூபாகூடப் பெறாது. ஆனா இந்தக் கோந்தச் சொரண்டினா மத்ததெல்லாம் கூட வந்துரும். இது ரிப்பேர் பண்றதுக்குச் செஞ்ச பொருள் இல்லண்ணே. தூக்கிப் போடறதுக்குச் செஞ்சது."

"வேற போர்டு வாங்கி மாட்டினா என்ன?"

"மாட்டினாலும் ஓடாது. கம்பெனி ஆள் வந்து அவன் லேப்டாப்ல தட்டினாதான் இந்த போர்டு அந்த மோட்டார ஒத்துக்கும். அவன் வரணும்னா நீங்க கம்ப்ளெயின்ட் குடுக்கணும்."

கம்ப்ளெயின்ட் கொடுக்க ஓடிபி. காசு வாங்காமல் போய்விட்டான்.

நவம்பர் 7, வியாழன்

விரிப்பு மூன்று, நைட்டி நான்கு. கையால். மழை.

நவம்பர் 9, சனி

மெஷின் வாங்கிய கடைக்குப் போனேன். பில் இல்லை. தேதியைச் சொன்னதும் அங்கிருந்த பெண் கம்ப்யூட்டரில் தேடினாள்.

"சுபாஷினிங்கற பேர்ல இருக்கு சார். இதே அட்ரஸ்தான். உங்க பொண்ணா?"

தெரிந்தவர்கள் என்றேன்.

"அப்ப அவங்களுக்கு ஒரு போன் போட்டு ஓடிபி கேளுங்க சார். ரெண்டு நிமிஷ வேலை."

எல்லாருக்கும் எல்லாமே இரண்டு நிமிஷ வேலை. நம்பரை மாற்றிக் கொடுங்கள், என் ஆதார் அட்டை இருக்கிறது, வீட்டு வரி ரசீது இருக்கிறது என்றேன். நம்பர் மாற்றவும் பழைய நம்பருக்குத்தான் ஓடிபி போகுமாம். பழசைக் கொடுத்துவிட்டுப் புதுசு எடுத்துக்கொள்ளுங்கள், கழிவு உண்டு என்று ஒரு காகிதத்தை நீட்டினாள். பதினான்கு மாதத்துப் பொருளைப் 'பழசு' என்கிறாள். அந்தக் காகிதத்தை அவள் மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

சுபா போன வருஷம் நான்கு மாதம் இங்கே இருந்தாள். சேலத்திலிருந்து அவள் புருஷன் வீட்டை விட்டு வந்திருந்தாள். இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி எடுத்தாள். அம்மாவுக்கு மணிக்கட்டு வலி, ஈரத் துணியைத் தூக்கிப் போட முடியவில்லை என்று என்னைக் கேட்காமல் இதை வாங்கிப் போட்டாள். நன்றாக ஓடிக்கொண்டிருந்ததைப் பழைய இரும்புக்குப் போட்டாள். டிசம்பரில் கோயம்புத்தூர் போய்விட்டாள். அவளாகத்தான் போனாள். இது சத்திரம் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னேன். பெற்றவன் அதைக்கூடச் சொல்லக்கூடாதா?

நவம்பர் 11, திங்கள்

பக்கத்து வீட்டு ஜெயசீலி ஒரு கிளினிக்கில் ஆயாவாக இருக்கிறது. வேலைக்குப் போகுமுன் வந்து அரசியைப் புரட்டிப் படுக்கவைத்துவிட்டுப் போகும். இன்று நான் வாளியோடு இருப்பதைப் பார்த்துவிட்டது.

"ஏண்ணே, ஒரு வாரமா கையாலயா தொவைக்கிறீங்க? அந்த மெஷினு சுபா வாங்கினதுதான? அவளுக்குப் போன் போட்டா என்ன பண்ணணும்னு சொல்லுமே."

"அவளுக்கு ஸ்கூல் வேல இருக்கும்."

"ஆஸ்பத்திரியில இருக்கச்சகூட வரலயேன்னு நெனச்சேன். கோவமா இருக்குமோன்னு நானும் கேக்கல." என் கையிலிருந்து வாளியை வாங்கிக் கீழே வைத்தது. "அண்ணே, அதுக்குத் தெரியும்தான?"

அடுப்பில் பால் வைத்திருந்தேன். பொங்கிவிடும் என்று உள்ளே போய்விட்டேன்.

நவம்பர் 12, செவ்வாய்

துணி வெளுக்கும் கடையில் கேட்டேன். வேட்டி, சட்டை, புடவை என்றால் எடுப்பார்களாம். நோயாளி விரிப்பு எடுக்கமாட்டார்களாம். கடைக்காரர் மூக்கின் மேல் கையை வைத்துக்கொண்டே பேசினார். கால் மணி நேரத்துக்கு முன்னால் அதே விரிப்பை நான் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிழிந்துவிட்டு வந்திருந்தேன்.

டயபர் கட்டிப் பார்த்தாகிவிட்டது. இரண்டு நாளில் தொடையெல்லாம் சிவந்து போனது. விரிப்பு மாற்றுவது ஒன்றுதான் வழி.

நவம்பர் 14, வியாழன்

கம்பெனித் தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபால் அனுப்பினேன். மூன்று பக்கம். மின்வாரியத்தில் பொதுமக்கள் புகார் கொடுத்தால் பெயரும் கம்பத்தின் எண்ணும் போதும், ஆள் போவோம் என்று எழுதினேன். உங்கள் பொருளைக் காசு கொடுத்து வீட்டுக்குள் கொண்டுவந்த பிறகும் அது உங்கள் பொருளாகவே இருக்கிறது என்றும் எழுதினேன். கடைசியில், வீட்டில் படுக்கையில் ஒரு நோயாளி இருக்கிறார் என்று சேர்த்தேன்.

விரிப்பு காயவில்லை. மின்விசிறிக்குக் கீழே நாற்காலிகளின் மேல் போட்டுவைத்து, ஓரத்தை மட்டும் இஸ்திரிப் பெட்டியால் உலர்த்துகிறேன். நடுப்பக்கம் குளிர்ந்தே இருக்கிறது. தோள்பட்டை வலி.

நவம்பர் 15, வெள்ளி

கம்பெனியின் ஆப்பை என் போனில் இறக்கினேன். மெஷினின் முதுகில் இருந்த கட்டத்தைப் படம் பிடிக்கச் சொன்னது. பிடித்தேன். 'இந்தச் சாதனம் வேறொரு பயனருக்குச் சொந்தமானது. அனுமதி கேட்கவா?' என்று வந்தது. அதை மூடப் போய் விரல் எங்கோ பட்டு, 'கோரிக்கை அனுப்பப்பட்டது' என்றது. திரும்ப எடுக்க வழி தேடினேன், இல்லை.

பகல் பன்னிரண்டரைக்கு, பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு நேரம், போன் ஒலித்தது. 'உங்கள் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது.'

என்ன திமிர் இந்த மெஷினுக்கு.

நவம்பர் 18, திங்கள்

ஜெயசீலி அரசியைப் புரட்டும்போது கூப்பிட்டுக் காட்டியது. இடுப்புக்குக் கீழே, எலும்பு முட்டும் இடத்தில், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவப்பு. விரலால் அழுத்தினால் வெளுக்கவில்லை.

"ஈரம்ணே. மேல காஞ்ச மாதிரி இருக்கு, அடியில ஈரம். இது பிச்சிக்கிட்டா ஆறாதுண்ணே. எங்க கிளினிக்ல பாத்திருக்கேன்."

இன்னும் நான்கு விரிப்பு வாங்கிவருகிறேன் என்றேன். வாங்கினாலும் காய வேண்டுமே என்றது. பிறகு, புது மெஷினாவது வாங்குங்களேன் என்றது. ஏன் வாங்க வேண்டும்? பதினான்கே மாதம். அவன் செய்த அக்கிரமத்துக்கு நான் இன்னொன்று வாங்கிப் பரிசு கொடுக்க வேண்டுமா? இதில் விட்டுக்கொடுத்தால் நாளைக்கு ஃபேனுக்கும் ஓடிபி கேட்பான்.

நான் கொஞ்சம் சத்தமாகப் பேசிவிட்டேன் போலிருக்கிறது. ஜெயசீலி பையை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

அரசி 'சு… சு…' என்றாள். சுடுதண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். இடது கையால் டம்ளரைத் தட்டிவிட்டாள். விரிப்பு மறுபடி ஈரம்.

நவம்பர் 20, புதன்

அந்த இடம் பிய்ந்துவிட்டது. டாக்டர் வந்து பார்த்தார். கட்டுப் போட்டார். "சார், மருந்தவிட முக்கியம் காஞ்ச படுக்கை. ஒரு நாளைக்கு மூணு தடவையாவது மாத்தணும். இதுல கிருமி உள்ள போச்சுன்னா அப்புறம் நம்ம கையில இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சுபாவுக்குப் போன் செய்தேன். மூன்றாவது மணி அடிப்பதற்குள் எடுத்துவிட்டாள்.

"அப்பா? என்னாச்சு? அம்மாவுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. வாஷிங் மெஷின் நின்னுடுச்சி."

வண்டிகள் போகும் சத்தம் மட்டும் கேட்டது.

"வாஷிங் மெஷினா? அதுக்கா கூப்பிட்டீங்க?"

"உன் நம்பர்லதான் இருக்குதாம். கம்ப்ளெயின்ட் குடுத்தா ஒரு ஓடிபி வரும். அதச் சொல்லு."

"ஆப்ல வந்துதே, அதுவும் இதுக்குத்தானா? நான் வேற என்னவோன்னு…" நிறுத்திக்கொண்டாள். "சரி. குடுங்க கம்ப்ளெயின்ட்ட."

கம்பெனிக்குப் போட்டேன், நம்பர் அவளுக்குப் போனது, ஆறு எண்களை வாசித்தாள். நான் திருப்பிச் சொன்னேன். சரிதான் என்றாள்.

"அம்மா பக்கத்துல இருக்காங்களா?"

"தூங்குறா."

பொய் சொல்லவில்லை. அரசி தூங்கிக்கொண்டுதான் இருந்தாள்.

நவம்பர் 22, வெள்ளி

கம்பெனி மெக்கானிக் வந்தான். பெயர் தினகரன், முப்பது வயது இருக்கும், பண்ருட்டிப் பக்கம். மழையில் நனைந்து வந்திருந்தான். லேப்டாப்பைச் சொருகிப் பார்த்துவிட்டு, போர்டு போய்விட்டது என்றான். அதைத்தான் ஷாஜகான் லேப்டாப் இல்லாமல் சொன்னான். போர்டு பத்தொன்பதாயிரம். வருவதற்குப் பத்து நாள் ஆகும். மெஷின் விலையில் பாதிக்கு மேல்.

"என்ன சார் பண்றது, நாங்களும் சம்பளத்துக்குத்தான் சார் வர்றோம். திட்றதெல்லாம் எங்களத்தான் திட்றாங்க" என்றான். பாவமாக இருந்தது. காபி போடப் போனேன்.

போர்டுக்கு ஆர்டர் போட, பதிவு செய்தவரின் சம்மதம் வேண்டுமாம். அவனாகவே அந்த நம்பருக்குப் போன் போட்டான். சமையலறையில் இருந்த எனக்கு அவன் பேசுவது மட்டும் கேட்டது.

"மேடம், உங்க வாஷிங் மெஷின் விஷயமா கூப்பிடறேன்… ஆமா மேடம், பாத்துட்டேன். போர்டுதான்… பத்து நாள் ஆகும் மேடம். நானும் சீக்கிரம் போடச் சொல்லி எழுதறேன். சார் வயசானவரு, கையாலயே தொவைக்கிறாரு. படுக்கையில இருக்கற அம்மாவுக்கு விரிப்பு மாத்திக்கிட்டே இருக்கணுமில்ல…"

நான் ஓடிவந்திருக்கலாம். கரண்டியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

"இங்கதான் மேடம், ஹால்ல. கை கால் வரல போலருக்கு… உங்க அம்மாவா மேடம்? உங்களுக்குத் தெரியாதா?"

காபியைக் கொடுத்தபோது என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டான். "ஸாரி சார்" என்றான். நீ என்ன செய்தாய் என்றேன்.

நவம்பர் 23, சனி

காலை ஏழு மணிக்கு வந்துவிட்டாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேராகக் கட்டிலுக்குப் போனாள். அரசி அவளைப் பார்த்ததும் 'சு… சு…' என்றாள். சுடுதண்ணீர் எடுக்க எழுந்தேன். அரசியின் இடது கை சுபாவின் முகத்தைத் தடவிக்கொண்டிருந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

அரசிக்கு அழுகை வந்தது. வாய் ஒரு பக்கம் கோணிப்போய் அழுதாள். விழுந்த நாளிலிருந்து இன்று வரை அவள் அழுது நான் பார்க்கவில்லை.

சுபா அழவில்லை. போர்வையை விலக்கிப் பார்த்தாள். கட்டைப் பார்த்தாள். விரிப்பின் அடியில் கையை விட்டுப் பார்த்தாள். அலமாரியில் இருந்த என் சலவை வேட்டி மூன்றை எடுத்து மடித்து அம்மாவுக்கு அடியில் போட்டாள். எனக்கு அது தோன்றவே இல்லை. பிறகு சமையலறைக்கு வந்தாள்.

"எப்ப?"

"ஆகஸ்ட் பதினாலு."

"நான் கூப்பிட்டது இருபத்தொண்ணு. ஒரு வாரமா அம்மா போன் எடுக்கலன்னு உங்களுக்குக் கூப்பிட்டேன். என்ன சொன்னீங்க?"

அடுப்பில் இருந்த பாலை இறக்கி வைத்தேன்.

"'அம்மாவுக்கு உங்கிட்டப் பேச இஷ்டமில்ல, இனிமே கூப்பிடாத'ன்னீங்க. சொன்னீங்களா இல்லையா?"

"சொன்னேன்."

"அப்ப அம்மா எங்க இருந்தாங்க?"

"ஆஸ்பத்திரியில."

"இஷ்டமில்லையாப்பா, இல்ல முடியலயா?"

விழுந்த அன்றைக்கு அரசி போனில் அவளோடுதான் பேசிக்கொண்டிருந்தாள். விவாகரத்துக்குக் கோர்ட்டில் மனு கொடுத்துவிட்டேன் என்று இவள் சொல்லியிருக்கிறாள். அரசி போனை வைத்துவிட்டு என்னிடம் அதைச் சொல்ல வந்தாள். பாதி சொன்னாள். 'நம்ம பொண்ணு' என்பது வரை சொன்னாள். நிலைப்படியில் சாய்ந்து விழுந்தாள். இதை சுபாவிடம் சொன்னேன். உன்னால் விழுந்தாள் என்றேன். மூன்று மாதம் மனதில் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன்.

அவள் நிதானமாகக் கேட்டாள். "டாக்டர் என்ன சொன்னாரு? எதனாலயாம்?"

ரத்த அழுத்தம் என்றுதான் சொன்னார். மாத்திரை தீர்ந்து ஒரு மாதமாக வாங்கவில்லை என்றும் சொன்னார். வாங்கிவரும் ஆள் நான்தான். இதை அவளிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

நவம்பர் 24, ஞாயிறு

சுபா கிணற்றடியில் உட்கார்ந்து விரிப்பு துவைத்தாள். நான் பிழிய வந்தேன். வேண்டாம் என்று கையால் காட்டினாள். ஜெயசீலி வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டது. இரண்டு பேரும் என்னைப் பற்றித்தான் பேசியிருப்பார்கள். பேசட்டும்.

மாலையில் அவள் கோயம்புத்தூரில் யார் யாருக்கோ போன் செய்தாள். மாடி ஏற வேண்டாத வீடு, கூட இருக்க ஒரு பெண், ஆஸ்பத்திரி. எல்லாவற்றையும் ஒரே மாலையில் முடித்தாள். எனக்கு ஒரு மெக்கானிக்கை வரவழைக்கப் பதினெட்டு நாள் ஆனது.

நவம்பர் 25, திங்கள்

அரசியின் கட்டில் ஓரம் உட்கார்ந்து சுபா கேட்டாள். நானும் அங்கே இருந்தேன்.

"அம்மா, எங்கூடக் கோயமுத்தூர் வர்றியா? வரணும்னா கையத் தூக்கு. வேணான்னா சும்மா இரு. நான் கட்டாயப்படுத்தல."

அரசி என்னைப் பார்த்தாள். முப்பத்தாறு வருஷமாக ஒரு கல்யாணத்துக்குக் கிளம்புவதென்றாலும் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவாள். இப்போதும் அப்படித்தான் பார்க்கிறாள் என்று நினைத்தேன். போ என்று தலையாட்டலாமா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கையைத் தூக்கிவிட்டாள்.

நன்றாக, தோள் உயரத்துக்குத் தூக்கினாள்.

நவம்பர் 26, செவ்வாய்

காலை பத்து மணிக்கு வேன் வந்தது. நானும் ஒரு கை பிடித்தேன். மாத்திரைகளை வேளை வாரியாகப் பிரித்து, மேலே எழுதி, பையில் போட்டுக் கொடுத்தேன். அரசியின் போனை பீரோவிலிருந்து எடுத்து சுபாவிடம் நீட்டினேன். அங்கேயே நின்று அதை உயிர்ப்பித்தாள். செய்திகள் விழ ஆரம்பித்தன. விழுந்துகொண்டே இருந்தன. எல்லாம் அவள் அனுப்பியவைதான். அவள் படிக்கவில்லை. கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"நானும் வரட்டுமா?" என்று கேட்டேன்.

"இப்ப வேணாம்ப்பா" என்றாள்.

டிசம்பர் 4, புதன்

கம்பெனியிலிருந்து பதில் கடிதம். 'தங்கள் மதிப்புமிக்க கருத்துக்கு நன்றி. மேற்கொண்டு உதவிக்குப் பதிவு செய்த எண்ணிலிருந்து தொடர்பு கொள்ளவும்.' கீழே கையெழுத்துகூட இல்லை, இது கணினியில் உருவானது, கையொப்பம் தேவையில்லை என்று போட்டிருக்கிறது.

தினகரன் போன் செய்தான். மேடம் அன்றைக்கே சம்மதம் கொடுத்துவிட்டார்களாம், போர்டு வந்துவிட்டது, நாளை வந்து மாட்டவா என்றான். வேண்டாம் என்றேன். என்னுடைய இரண்டு வேட்டிக்கும் பனியனுக்கும் பத்தொன்பதாயிரமா? கம்ப்ளெயின்ட்டை ரத்து செய்துவிடு என்றேன்.

"சரி சார். ஆனா ரத்து பண்றதுக்கும் ஒரு ஓடிபி வேணும் சார். மேடம் நம்பருக்குத்தான் போகும். நான் கேக்கட்டுமா, நீங்க கேக்கறீங்களா?"

நான் கேட்கிறேன் என்றேன்.

டிசம்பர் 5, வியாழன்

சாயங்காலம் ஐந்து மணிக்குப் போன் செய்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்திருப்பாள். ஆறு எண்களை வாசித்தாள். எழுதிக்கொண்டேன்.

"புண்ணு எப்படி இருக்கு?"

"காஞ்சிக்கிட்டு வருது. தினமும் பயிற்சி குடுக்க ஒருத்தர் வர்றாரு. பேச்சுக்கும் ஒருத்தங்க வர்றாங்க."

"அம்மாகிட்ட குடேன்."

உள்ளே ஏதோ கேட்டாள். பதிலுக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. "ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். பேசுங்க" என்றாள்.

என்ன பேசுவது? ஒன்றும் யோசித்து வைத்திருக்கவில்லை. "அரசி, சாப்பிட்டியா?" என்றேன். ஐந்து மணிக்கு யார் சாப்பிடுவார்கள்?

அரசி பேசினாள். ஓர் எழுத்தாக இல்லை. நீளமாக, நிறுத்தி நிறுத்தி, நான்கைந்து வார்த்தையாவது இருக்கும். குரல் கரகரத்தாலும் அவள் குரல்தான். போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. மறுபடி சொல்லச் சொன்னேன். மறுபடியும் சொன்னாள். அதே நீளம், அதே இடத்தில் நிறுத்தல்.

"சுபா, என்ன சொல்றா?"

"உங்களுக்குப் புரியலயா?"

"இல்ல."

அவள் சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தேன்.

"மூணு மாசம் பக்கத்துலயே இருந்தீங்களேப்பா" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டாள்.